மூக்கில் வேண்டாம், கையில்

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கில் ஃப்ளூ மருந்து அடித்தார்கள். பெயின்டரின் மகளை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி, கையில் ஒரு சீட்டைத் திணித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாளாக விட்டுவிட்டு மழை. வெளிச்சுவர் வேலை நின்றுபோய், பெயின்டர் வீட்டில் உட்கார்ந்து பிரஷ்களைத் தின்னரில் ஊறவைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அப்போதுதான் கேன்டீன் வேலை முடிந்து வந்திருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால் இருநூறு பேருக்கு உருளைக்கிழங்கு உரித்துப் போட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் திரும்புவாள். வந்ததும் மகளுக்காக மறுபடி உருளைக்கிழங்கு. சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, குழந்தைக்கு ஆகாத உப்புச்சத்து இறங்கின அந்தத் தண்ணீரைக் கொட்டி, திரும்ப வேகவைக்க வேண்டும். உப்புக் கிடையாது. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. கோடு போட்ட ஒரு டம்ளர், நாளைக்கு ஐந்து தடவை. எட்டு வயதுதான், ஆனாலும் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு விழுந்தாலும் குழந்தையே சொல்லிவிடுவாள், "அம்மா, கூடப் போச்சு."

மனைவி ஈரக் கையோடு சீட்டை வாங்கி உரக்கப் படித்தாள். "சிறுநீரக நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் குழந்தை என்பதால் ஸ்பிரே கூடாது. ஊசியாகப் போட்டுக்கொள்ளவும். தங்கள் மருத்துவமனையை அணுகவும்." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அணுகவும்னு எழுதிட்டாங்க. யாரு அணுகுறது?"

"ஏன், நீதானே எப்பவும் போவே?"

"நாலு வருஷமா நான்தான் போறேன். போன வாரம் ரத்தம் எடுக்கப் போனதுக்கே மேனேஜர் சொல்லிட்டாரு, இனிமே லீவு கேட்டா மொத்தமா எடுத்துக்கோன்னு. நீங்க மழையில சும்மாதானே இருக்கீங்க? சாரத்து மேல நின்னா ஊரையே சிரிக்க வைக்கிற வாய் இருக்குல்ல, அதையும் எடுத்துட்டுப் போங்க."

மற்றதை அவள் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் இதே மழைக்காலத்தில் குழந்தைக்கு ஃப்ளூ வந்தது. மற்ற பிள்ளைகளுக்கு மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல், அவ்வளவுதான். இவளுக்குப் பதினொரு நாள் ஆஸ்பத்திரி. முகமும் காலும் வீங்கிப் போய், சிறுநீர் சுண்டிப் போய், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியது. ஏறியது முழுசாக இறங்கவில்லை. "முன்கூட்டியே ஃப்ளூ ஊசி போட்டிருக்கலாமே" என்றார்கள் ஆஸ்பத்திரியில். போட்டிருக்கலாமே என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். போடுங்கள் என்று முன்னாடி ஒருத்தரும் சொல்லவில்லை. பெயின்டரின் மனைவி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிப் பல்லைக் கடிப்பாள்.

மறுநாள் பெயின்டர் சவரம் செய்து, நகத்திலிருந்த பெயின்டைச் சுரண்டி எடுத்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு பஸ் மாறவேண்டும். கிட்னி பிரிவின் கவுன்டரில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஒருவர் சீட்டைப் பார்த்தார்.

"இங்க ஊசி போடறது இல்லைங்க."

"டாக்டரம்மா போன தடவை நோட்டுல எழுதியிருக்காங்களே. பாருங்க, ஃப்ளூ தடுப்பு மருந்துன்னு."

"எழுதியிருக்காங்க. போட்டுக்கங்கன்னு எழுதியிருக்காங்க. இங்க போடுவோம்னு எழுதலையே. உங்க ஏரியா ஹெல்த் சென்டர்ல போடுவாங்க. அடுத்த ஆள்."

சாரத்தின் உச்சியில் நின்று கீழே போகிறவரையெல்லாம் கிண்டல் செய்கிற மனுஷனுக்கு அந்தக் கண்ணாடித் தடுப்பின் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "சரிங்க" என்றார். ஏன் சரி என்றோம் என்று பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தார்.

ஹெல்த் சென்டர் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. சுவரெல்லாம் வெளிறிய பச்சை. ஓரத்தில் ஈரம் ஏறி உப்பியிருந்தது. தொழில்காரக் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரிந்தது. பட்டி பூசி விரிசலை அடைக்காமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அங்கே தடுப்பூசிக்குப் பொறுப்பாக இருந்தவள் ஐம்பது வயதிருக்கும் ஒரு நர்ஸ். குரலில் கடுமை இல்லை, களைப்பு இருந்தது.

"கிட்னி குழந்தையா? ஐயோ, நாங்க தொடமாட்டோம்ங்க. பெரிய டாக்டர் பாக்குற கேஸ். என்னென்ன மருந்து சாப்பிடுது, போடலாமா கூடாதான்னு அவங்க லெட்டர் கொடுக்கணும்."

"அங்க கேட்டா இங்க போங்கறாங்கம்மா."

"இங்க போடலாம். லெட்டரோட வந்தா."

"ஊசி இருக்கா உங்ககிட்ட?"

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு. இல்லன்னு சொல்லலையே."

நர்ஸின் நாற்காலிக்குப் பின்னால்தான் அந்த ஃப்ரிட்ஜ். பெயின்டர் அதைப் பார்த்தார். ஆறு அடி தூரம். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வழியாக இரண்டு பஸ் சுற்றி வரவேண்டும்.

லெட்டர் வாங்க மேலும் ஐந்து நாள் ஆனது. டாக்டரம்மா புதன்கிழமை மட்டும்தான் கையெழுத்துப் போடுவாராம். புதன்கிழமை போய் மூன்று மணி நேரம் நின்றதில், மூக்குக் கண்ணாடிக்காரர் உள்ளிருந்து ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினார். பெயின்டர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், மழையில் நனையக்கூடாதென்று சட்டைக்குள் வைத்து, நேரே ஹெல்த் சென்டருக்கு எடுத்துப்போனார். நர்ஸ் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"ஃப்ளூ தடுப்பு மருந்து கொடுக்கவும்னு இருக்கு."

"ஆமா."

"ஊசியா, ஸ்பிரேயான்னு இல்லையே. எங்க கம்ப்யூட்டர்ல குழந்தைன்னு போட்டா ஸ்பிரேதான் வரும். ஸ்பிரேயில இருக்கிறது உயிரோட இருக்கிற கிருமிங்க, பலம் இல்லாம பண்ணியிருப்பாங்க. உங்க பொண்ணு சாப்பிடுற மருந்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து. அவளுக்கு அது ஆகாது. ஊசின்னு எழுத்துல இருந்தாத்தான் நான் கம்ப்யூட்டரை மாத்திப் போட முடியும்."

"அம்மா, உங்களுக்கே தெரியுதே ஊசிதான்னு."

"எனக்குத் தெரியுதுங்க. லெட்டருக்குத் தெரியலையே."

அவள் வேண்டுமென்றே அப்படிச் சொல்லவில்லை. அது பெயின்டருக்குப் புரிந்ததுதான் கொடுமை. கெட்டவர் என்று ஒருத்தர் இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறலாம். எல்லாரும் அவரவர் நாற்காலியில் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குழந்தைதான் பந்தாக உதைபட்டது.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். டாக்டரம்மா மூன்று வாரம் லீவு.

அந்த வாரம் மழையில் நனையாத ஒரு வேலை கிடைத்துப் போனார். ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடம். உள்சுவருக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடிக்கிற வேலை. கூட மச்சான். மனைவியின் தம்பி, அக்கா வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, எல்லாம். ஓயாமல் பேசுவதால் வேலையிடத்தில் அவனுக்கு ரேடியோ என்று பேர். குழந்தைக்கு அவனென்றால் உயிர். டம்ளரில் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, "இந்தா, ராணிக்கு ஒரு குளம்" என்று நீட்டுவான். அவளும் சிரித்துக்கொண்டே குளத்தைக் குடிப்பாள்.

பத்து மணிக்கு மேஸ்திரி கீழே நின்று கத்தினார், "எல்லாரும் இறங்கி வாங்க! ஃப்ளூ ஊசி போட வந்திருக்காங்க. சும்மா போடறாங்க, ஓடி வாங்க!"

பெயின்டர் கையிலிருந்த பட்டிக் கரண்டியை அப்படியே வைத்தார். ஜன்னல் வழியே பார்த்தால் வாசலில் ஒரு வெள்ளை வேன், மேஜை, ஐஸ் பெட்டி. இரண்டு வாரமாக இவர் வாசல் வாசலாக ஏறி இறங்கித் தேடிய சாமான், வேன் பிடித்துக்கொண்டு சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் வந்து இறங்கியிருந்தது. பெரிய ஆளுங்களுக்கு. கேட்காமலே.

வரிசையில் நின்று போட்டுக்கொண்டார். வீட்டில் இருக்கிற எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் குழந்தைக்கு வேலி என்று டாக்டரம்மா எப்போதோ சொல்லியிருந்தார். மனைவி கேன்டீனிலேயே போட்டுக்கொண்டுவிட்டாள். திரும்பிப் பார்த்தார், மச்சானைக் காணோம்.

ஊசி போட்ட பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார். "அம்மா, என் மச்சான் வரலை. அவன் பங்கு ஒண்ணு மிச்சம் இருக்குமே. என் பொண்ணுக்கு எட்டு வயசு, கிட்னி வியாதி. ஒரு மணி நேரத்துல கூட்டிட்டு வந்துடறேன். அதை அவளுக்குப் போட்டுடுங்களேன்."

அந்தப் பெண் பஞ்சை வைத்து அழுத்தியபடி அவர் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, எங்களுக்கு வேலை செய்யறவங்க லிஸ்ட் மட்டும்தான். குழந்தைங்களுக்குப் போட அனுமதி இல்லைண்ணே."

"அப்ப மிச்சம்?"

"எடுத்துட்டுப் போயிடுவோம்."

மச்சான் மூன்றாம் மாடியில், பெயின்ட் டிரம்களுக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

"என்னடா பண்றே இங்க?"

"டிரம்மை எண்ணிட்டிருக்கேன் அத்தான்."

"எறங்கு கீழே. வேன் போயிடப்போகுது."

"எனக்கு வேணாம் அத்தான். அன்னைக்கு ஒரு பய சொன்னான், ஊசி போட்டா மூணு நாளைக்குக் கையைத் தூக்க முடியாதாம். ரோலர் பிடிக்கிற கை. அப்புறம் ஊசியாலயே ஃப்ளூ வந்துடும்னு வேற சொல்றாங்க."

"எவன் சொன்னான்?"

"பொதுவா சொல்றாங்க."

"பொதுவா சொல்றவன் வீட்டுல நம்ம பாப்பா இருக்காளா? உனக்காகவா போடச் சொல்றேன்? நீ அவ பக்கத்துல உக்காந்து சாப்பிடுறே. அவ டம்ளரை எடுத்துக் கொடுக்கறே. உனக்கு வந்தா அவளுக்கு வரும்டா!"

மச்சான் தலையைத் தூக்கவில்லை. பெயின்டருக்கு உண்மை தெரியும். முன்னொரு தடவை ரத்தம் கொடுக்கப் போய், ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழுந்தவன் அவன். பயம் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, ரோலர், கை, ஊர்ப்பேச்சு என்று சுற்றி வளைத்தான். அது தெரிந்தும் பெயின்டருக்கு இரக்கம் வரவில்லை. காலி டப்பா ஒன்றை எட்டி உதைத்தார். அது படிக்கட்டில் கடகடவென்று உருண்டு முதல் மாடிவரை போனது.

"குடுங்கன்னு கெஞ்சற இடத்துல குடுக்க மாட்டேங்கறான். வலியக் குடுக்கற இடத்துல நீ வாங்க மாட்டேங்கறே. நான் எங்கடா போய் முட்டிக்க?"

கீழே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

வேன் வந்துபோன ஆறாவது நாள் மத்தியானம் மச்சான் வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். கண் சிவந்து, பல் கிட்டி, உடம்பு அனலாகக் கொதித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை "மாமா" என்று ஓடப்போனாள். மனைவி ஓடிவந்து நடுவில் நின்றுகொண்டாள்.

"தொடாதே. நீ உள்ள போ. கதவைச் சாத்திக்கோ." பிறகு தம்பியிடம், "உனக்கு எத்தனை நாளா இப்படி?"

"நேத்து ராத்திரியிலிருந்து தொண்டை கரகரன்னு இருந்துச்சுக்கா."

"நேத்து ராத்திரி அவகூட உக்காந்து படம் வரைஞ்சியே!"

ரேடியோ நின்றுபோனது.

"நீ என் தம்பிதான். கூடப் பொறந்தவன்தான். இப்ப கிளம்பு. கட்டடத்துலயே படுத்துக்கோ. சாப்பாடு, மாத்திரை எல்லாம் நான் கொடுத்து அனுப்பறேன். காய்ச்சல் போற வரைக்கும் இந்த வாசப்படி ஏறாதே."

போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு தூறலில் அவன் போனான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி தெருமுனை வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். சாரல் உள்ளே அடித்தது. அவன் படுத்த விரிப்பு, தலையணை உறை, டம்ளர், எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். பெயின்டர் வந்ததும் அத்தனை கோபமும் அவர்மேல் இறங்கியது.

"மூணு வாரம்! ஒரு ஊசி! சுவத்துல ஒரு சின்ன விரிசல் இருந்தா விடமாட்டீங்களே, நோண்டி நோண்டி அடைப்பீங்களே. அங்க போய் மட்டும் என்ன? சரிங்க, சரிங்கன்னு தலையாட்டிட்டு வர்றீங்க!"

"நான் என்ன சும்மாவா இருந்தேன்? எட்டு தடவை பஸ் ஏறியிருக்கேன்."

"பஸ் ஏறினா போதுமா? ஊசி ஏறணும்!"

கதவுக்குப் பின்னாலிருந்து குழந்தை கேட்டாள், "அம்மா, மாமாவுக்கு மழையில குளிருமே?" மனைவி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

அடுத்த நாலு நாள் அந்த வீட்டில் தர்மாமீட்டரைத் தவிர வேறு கடிகாரம் இல்லை. காலையில் ஒரு தடவை, பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்ததால் மத்தியானம் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ததற்கு, காய்ச்சல் வந்தால் உடனே கூட்டிவாருங்கள் என்றார்கள். வராமல் இருக்க என்ன செய்வது என்றதற்கு, டாக்டர் வரட்டும் என்றார்கள். குழந்தை ஒரு தும்மல் போட்டால் பெயின்டர் உடனே தர்மாமீட்டரை எடுத்துவிடுவார். கட்டடத்தில் மச்சானுக்குச் சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கேட்பார், "எப்படி இருக்கு?" அவன் போர்வைக்குள்ளிருந்து, "பாப்பாவுக்கு?" என்பான். "இன்னும் ஒண்ணும் இல்லை." இந்த மூன்று வார்த்தைதான் நாலு நாளும்.

ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் விடியுமுன், கேன்டீனுக்குக் கிளம்பும் நேரத்திலும் தர்மாமீட்டர் ஒழுங்காகத்தான் காட்டியது. மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெயின்டருக்கு மட்டும் நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தப்பித்தது அதிர்ஷ்டம். தான் அலைந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை மழைக்காலம் ஓட்டுவது?

"வா, சட்டையை மாத்து" என்றார் மகளிடம். முழுக்கை வேண்டாம், அரைக்கை போடச் சொன்னார்.

ஹெல்த் சென்டரில் நர்ஸ் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "புது லெட்டர் வந்துடுச்சா?"

"வரலைங்க. டாக்டரம்மா இன்னும் லீவு. லெட்டர் வரலை, குழந்தை வந்திருக்கா." பழைய லெட்டரையும் மருந்து நோட்டையும் மேஜைமேல் வைத்தார். "வீட்டுல ஒருத்தனுக்கு ஃப்ளூ வந்து, இவளுக்கு வராம தப்பிச்சிருக்கா. அடுத்த தடவை தப்பிப்பாளான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"நான் சொன்னேனேங்க, ஊசின்னு எழுத்துல..."

"சொன்னீங்க. நானும் சரின்னேன். இன்னைக்குச் சரின்னு சொல்ல மாட்டேன்."

குரல் உயரவில்லை. ஆனால் உள்ளே இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது மடல் சூடேறுவது பெயின்டருக்கே தெரிந்தது. நாற்காலியை இழுத்து மகளை அதில் உட்காரவைத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்றார்.

நர்ஸ் குழந்தையிடம் குனிந்தாள். "உனக்கு என்ன மருந்து கொடுக்கறாங்கன்னு தெரியுமாம்மா?"

குழந்தை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தாள். காலையில் எது, எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, போன மாதம் எதைக் குறைத்தார்கள், எதைக் கூட்டினார்கள். ஒரு மாத்திரையின் நீளமான பேரை அவள் சொன்னபோது நர்ஸே ஒருமுறை நோட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டாள். கடைசியில் குழந்தை சொன்னாள், "எனக்கு மூக்குல கூடாது. கையிலதான் போடணும். ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க."

நர்ஸ் தன் சொந்தப் போனை எடுத்து, லெட்டரின் தலைப்பிலிருந்த எண்ணை அழுத்தினாள். எடுக்கவில்லை. மறுபடி. காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வேறு இரண்டு குழந்தைகளுக்கு ஊசி போட்டாள். முப்பத்தைந்து நிமிஷம் கழித்து யாரோ ஒரு டாக்டர் வந்தார். "லீவுல இருக்கிறவங்களைக் கேக்கலை டாக்டர், இருக்கிற உங்களைக் கேக்கறேன். ஊசியா, ஸ்பிரேயா? ஒரே வார்த்தை சொல்லுங்க" என்றாள் நர்ஸ். கேட்டுக்கொண்டே லெட்டரின் கீழே அந்த வார்த்தையையும், சொன்னவர் பேரையும், நேரத்தையும் எழுதினாள். கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு. ஆறு அடி நடந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

சட்டைக் கையைச் சுருட்டி, துடைத்து, போட்டு, பஞ்சு வைத்து, அத்தனைக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குழந்தை கண்ணை மூடவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டது பெயின்டர்தான்.

"முடிஞ்சுது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க" என்றாள் நர்ஸ். பிறகு கொஞ்சம் தயங்கி, "முதல் தடவை போடறோம், வயசும் ஒன்பது ஆகலை. அதனால நாலு வாரம் கழிச்சு ரெண்டாவது ஒண்ணு போடணும். போட்டு ரெண்டு வாரம் ஆனாத்தான் முழுசா பலம் கொடுக்கும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

பெயின்டர் அவளையே பார்த்தார். "சொல்லலை."

"இந்த லெட்டர்ல ஒரு டோஸ்னு இருக்கு. ரெண்டாவதுக்கு..." அவளே முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். "நான் லீவுல இல்லாம பாத்துக்கறேன். லெட்டர் மட்டும் கொண்டு வந்துடுங்க."

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். கேன்டீனில் தட்டுகள் மோதுகிற இரைச்சல்.

"போட்டாச்சு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நிஜமாவா?"

"நிஜமா. ஆனா இன்னொண்ணு போடணுமாம். நாலு வாரம் கழிச்சு."

"லெட்டர்?"

"புதுசா வேணுமாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பா, வெறுப்பா என்று சொல்லமுடியாத ஒரு சத்தம். "அடுத்த தடவை நான் வர்றேன். வேலை போனாப் போகட்டும். நாலு வருஷத்துப் பேச்சு என் வாயில இருக்கு." பிறகு குரல் தாழ்ந்து, "தம்பிகிட்டயும் சொல்லிடுங்க, பாப்பாவுக்குப் போட்டாச்சுன்னு. அவன் சாப்பிடறதே இல்லையாம்" என்றாள்.

மழை நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. வெளிச்சுவர் வேலைக்கு ஏற்ற வெயில். இந்நேரம் மேஸ்திரி ஆள் தேடிக்கொண்டிருப்பார். வெயிலில் குழந்தையை நடக்கவைக்க வேண்டாமென்று பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். குழந்தை பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ஒரு புள்ளி ரத்தம். வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. குழந்தை ஏறக் காலை வைத்தாள். பெயின்டர் அவள் மற்ற கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்து, எதிர்ப்பக்கத்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

"வீடு அந்தப் பக்கம்பா."

"தெரியும்."

"எங்க போறோம்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. நாலு வாரம்தான் இருக்கு, இப்பவே கேக்க ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும்."